சுவரைப் பார்த்த பால்கனி

எங்கள் பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது, இன்னொன்று என் கணவருடையது. மாறி உட்கார்ந்தால் எனக்குக் கோபம் வரும் என்பதால் அவர் வேண்டுமென்றே மாறி உட்காருவார். சிட்லபாக்கத்தில் இந்த ஃப்ளாட்டை வாங்கியபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு குறை சொன்னார்கள். சமையலறையில் இரண்டு பேர் நிற்க முடியாது, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, மழை வந்தால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பால்கனிக்கு வந்து நின்றேன். எதிரே ஒரு காலி மனை, அதைத் தாண்டி ஏரி. அந்த நிமிடமே வீடு முடிவாகிவிட்டது.

கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் நான் கணக்கு டீச்சர். நாள் முழுக்கக் கத்திவிட்டு, ஷேர் ஆட்டோவில் நசுங்கி, வீட்டுக்கு வரும்போது என் தொண்டையும் மனசும் ஒரே மாதிரி வறண்டிருக்கும். காபியைக் கலந்து எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் ஏரி இருக்கும். அந்த நேரத்து ஏரியில் தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். அதில் நீந்தும் நாமக்கோழிகள் கறுப்புப் புள்ளிகளாக நகரும். தாம்பரம் பக்கமிருந்து மின்சார ரயில் ஒருமுறை கூவிவிட்டு அடங்கும். காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருப்பதைக்கூட நான் கவனிக்க மாட்டேன். என் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் விரலை நீட்டிக் காட்டியிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் இளம் தம்பதி ஸ்வீட் பாக்ஸோடு வந்து கதவைத் தட்டினார்கள்.

"ஆன்ட்டி, எதிர் மனை எங்களோடதுதான். இன்னிக்கு பூமி பூஜை முடிச்சோம். கொஞ்ச நாளைக்கு தூசி, சத்தம் எல்லாம் இருக்கும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். நல்ல முகம், நல்ல சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பெட்டியில் மைசூர்பாகு இருந்தது. நான் தொடவில்லை. என் கணவர் ஒன்று விடாமல் தின்றுவிட்டு, "நெய் நல்லா விட்ருக்காங்க" என்று தீர்ப்பும் சொன்னார்.

வீடு வளர்ந்தது. முதல் தளம் போட்டபோது ஏரியின் கரை போயிற்று. இரண்டாவது தளத்துக்குக் கம்பி கட்டியபோது கம்பிகளுக்கு நடுவே தண்ணீர் கோடு கோடாகத் தெரிந்தது. அதற்கும் சுவர் எழுந்த பிறகு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் வீட்டு முகப்பு ஏரியைப் பார்த்து இருந்தது. எங்கள் பக்கம் இருந்தது முதுகு. ஜன்னல்கூட இல்லாத, பூசாத, செங்கல் முதுகு.

அதோடு விட்டார்களா? அந்தச் சுவரில், சரியாக என் நாற்காலிக்கு நேராக, ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். வைக்கோல் அடைத்த முழுக்கைச் சட்டை, பேண்ட், கறுப்புச் சட்டித் தலை, முழித்த கண், வெளியே தொங்கும் நாக்கு. ஏரி இருந்த இடத்தில் இப்போது அது என்னைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தது. பொறுக்க முடியாமல் ஒருநாள் கீழே இறங்கிப் போய் மேஸ்திரியிடம் சொன்னேன்.

"அந்த பொம்மைய வேற பக்கம் மாட்டக் கூடாதாப்பா?"

அவர் பொம்மையைப் பார்த்தார், எங்கள் பால்கனியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இப்டி கேக்குற? கண்ணு பட்ற பக்கந்தானே அத்த மாட்டணும்?"

எனக்குச் சுருக்கென்றது. கண் வைத்தது நான்தான், அதில் சந்தேகமே இல்லை. தினமும் சாயங்காலம் அந்தச் சுவரைப் பார்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தவள், அந்தத் தெருவில் என்னைத் தவிர வேறு யார்? மேலே வந்து சொன்னேன். என் கணவர் நாற்காலி கிறீச்சிடும் அளவுக்குச் சிரித்தார்.

ஆனால் சிரிக்கிற விஷயமாக அது இருக்கவில்லை. நான் மாறிக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒன்றும் இல்லாததற்கெல்லாம் எரிந்து விழுந்தேன். காபியைச் சமையலறையில் நின்றபடியே குடித்தேன். பால்கனிக் கதவைச் சாத்தி வைத்தேன். கடைசிவரை இருக்கலாம் என்று வாங்கிய வீடு எனக்கு லாட்ஜ் அறைபோல் ஆகிவிட்டது. "இந்த வீட்ட வித்துடலாங்க" என்று ஒருநாள் சொன்னேன். அவர் வாதாடவில்லை. இந்த வீட்டை விட அவருக்கு மனசில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் பேப்பர் படிக்கும் இடம், கீழ்வீட்டு நண்பர், நடந்து போகும் தூரத்தில் ஸ்டேஷன், எல்லாமே அவருக்கு இங்கேதான். இருந்தாலும், "உனக்கு நிம்மதி இருக்கிற இடத்துக்குப் போலாம்" என்றார்.

மாடம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட் இருப்பதாகப் புரோக்கர் சொன்னார். ஸ்கூட்டரில் போனோம். மூன்றாவது மாடி, அகலமான பால்கனி, எதிரே ஏரி. எங்கள் ஏரியைவிடப் பெரியது, அழகானது. கொக்குகள் வெள்ளை வெள்ளையாக நின்றன. வெயில் இறங்கி, தண்ணீர் முழுக்க மஞ்சள் பூசியிருந்தது. இதைத்தானே கேட்டேன்? ஆனால் நான் ஏரியைப் பார்க்கவில்லை. ஏரிக்கு முன்னால் இருந்த காலி மனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த மனை யாரோடது?"

"அத்த வுடுங்க மேடம், அது கேஸ்ல கீது. அண்ணன் தம்பி தகராறு. இப்போதைக்கு முடியாது, நீங்க தெகிரியமா வாங்கலாம்" என்றார் புரோக்கர் உற்சாகமாக.

எனக்கும் உற்சாகம் வந்தது. அந்த உற்சாகம் ஸ்கூட்டரில் ஏறி உட்காரும்வரைதான் இருந்தது. வரும் வழியில், காற்று முகத்தில் அடிக்கும்போது, மெதுவாக ஒன்று உறைத்தது. நான் அந்தப் பால்கனியில் நிம்மதியாக உட்கார வேண்டுமென்றால், முகம் தெரியாத இரண்டு சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசாமலே இருக்க வேண்டும். அவர்கள் சமாதானமாகிவிடக் கூடாது என்று நான் தினமும் வேண்டிக்கொள்ள வேண்டும். சீ என்றிருந்தது. ஒரு மனையைக் காவல் காக்கிற வேலைக்கா நிம்மதி என்று பேர் வைத்திருந்தேன்?

"அந்த வீடு வேணாங்க" என்றேன் அவர் முதுகிடம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஸ்கூட்டர் மட்டும் கொஞ்சம் வேகமாகப் போனதுபோல் எனக்குப் பட்டது.

மறுநாள் பால்கனிக் கதவைத் திறந்தேன். நாற்காலியில் இருந்த தூசியைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன். பொம்மை முழித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சட்டென்று ஏதோ நடந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கலவை மிஷின் இரைந்தது, கொசு கடித்தது, திருத்த வேண்டிய பேப்பர்கள் ஞாபகம் வந்தன, கோபமும் தவறாமல் வந்தது. அப்படியே பல நாள் போயிற்று. என் கணவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். "ஏரி வந்துச்சா?" என்று நடுநடுவே கிண்டல் செய்தார். "பொம்மைதான் வருது" என்பேன்.

ஒரு சாயங்காலம் எதிர் வீட்டில் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள். காய்ந்த செங்கல் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கூடவே ஈரச் சிமெண்டு வாசனை வந்தது. மண்ணில் முதல் மழை விழுந்த மாதிரி ஒரு வாசனை. நான் மூச்சை இழுத்தேன், விட்டேன். எங்கோ ரயில் கூவியது. பறவைகள் சுவருக்குப் பின்னால் தங்களுக்குள் பேசிக்கொண்டன. அவை அங்கேதான் இருந்திருக்கின்றன, எங்கும் போய்விடவில்லை. மூடிய கண்ணுக்குள் சாம்பல் நிறமாக ஏதோ பரவியது. அது ஏரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கரை இல்லை, மறுகரையும் இல்லை. அதில் நான் மிதந்தேனா, அது என்னுள் மிதந்ததா என்று பிரிக்கத் தோன்றவில்லை. கண்ணைத் திறந்தபோது இருட்டியிருந்தது. எதிரே அதே செங்கல் சுவர், ஈரத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது. சந்தோஷமாக இருந்தது. காரணம் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. காரணம் இல்லாததால் இதை யாரும் மறைக்க முடியாது என்று தோன்றியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்காக நான் சாமியாரிணி ஆகிவிடவில்லை. கேபிள்காரரிடம் இன்னும் சண்டை போடுகிறேன். சில நாள் உட்கார்ந்தால் ஒன்றுமே வராது, எழுந்து இட்லிக்கு அரைக்கப் போய்விடுவேன். ஆனால் அந்தச் சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரியும். தெரிந்த வீட்டுக்குப் போவதுபோல் போய்வர முடிகிறது. பொம்மையோடும் பழகிவிட்டது. அதன் சட்டை வெளுத்துப்போனபோது, பாவம் என்றுகூட நினைத்தேன்.

இப்படி எல்லாம் அடங்கியிருந்தபோது ஒருநாள் காலையில் எதிர்ச் சுவரை இடிக்கும் சத்தம் கேட்டது. பால்கனிக்கு ஓடினேன். பொம்மையை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு, செங்கல்லை உடைத்து, ஒரு ஜன்னல் அளவுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏரியதான் எடுத்துக்கிட்டாங்க, செவுத்தயாவது விட்டு வைக்கக் கூடாதா? இனிமே நம்ம மூஞ்சிக்கு நேரா ஒரு ஜன்னல்!" என்று கத்தினேன். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "இப்ப செவுரும் உனக்கு வேணுமா?" என்றார். நான் பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். ஆனாலும் அந்த ஜன்னல் எதற்கு என்ற எரிச்சல் உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது.

கிரகப்பிரவேசத்துக்கு அந்தப் பெண்ணே வந்து அழைத்தாள். போனோம். ஹோமப் புகை, சாம்பிராணி, புதுப் பெயிண்ட், இலையில் பொங்கல். சாப்பிட்டு முடித்ததும் அவள் என் கையைப் பிடித்து, "மேல வாங்க ஆன்ட்டி, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்றாள். ஏரியைக் காட்டப் போகிறாள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியேறினேன். அவள் முன்பக்கம் போகவில்லை. பின்பக்கத்துச் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த ஜன்னலைத் திறந்தாள்.

எதிரே எங்கள் பால்கனி. இரண்டு பிரம்பு நாற்காலிகள், மடித்துப் போட்ட துண்டு, ஒரு காபி டம்ளர். இவ்வளவு சின்ன இடமா அது!

"இந்தப் பக்கம் ஜன்னல் பிளான்லயே இல்ல ஆன்ட்டி. வாஸ்து சரியில்லன்னு மாமனார் ஒரே சண்டை. நான்தான் பிடிவாதமா வெக்கச் சொன்னேன்" என்றாள். "ஆபீஸ் விட்டு வந்து சாரத்துல ஏறி நின்னு செவுத்துக்குத் தண்ணி அடிப்பேன்ல, தினம் உங்க ரெண்டு பேரையும் பாப்பேன். லோன், வேலை, வீட்ல சண்டைன்னு தலை வெடிக்கும். நீங்க கண்ண மூடிட்டு அப்படி உக்காந்திருப்பீங்க. பாத்தாலே எனக்குள்ள என்னமோ அடங்கும். வீடு முடிஞ்சதும் இது தெரியாமப் போயிடுமேன்னு பயமா இருந்துச்சு. ஏரி முன்னாடி ரூம்ல தெரியுது, ஆனா எனக்கு இதுதான் வேணும்னு தோணிச்சு."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கம்பியில் பெயிண்ட் இன்னும் லேசாக ஒட்டியது.

"ஒண்ணு கேக்கட்டுமா ஆன்ட்டி? அங்கேர்ந்து பாத்தா எங்க செவுரு தவிர ஒண்ணுமே தெரியாது. அதுலயும் அந்த அசிங்கமான பொம்மை வேற. என்னத்த பாத்துட்டு நீங்க அவ்ளோ சந்தோஷமா உக்காந்திருந்தீங்க?"

நான் எங்கள் பால்கனியை இன்னொரு முறை பார்த்தேன்.

"உங்க செவுத்தத்தான்மா" என்றேன்.