ஸ்டெல்லா அக்கா உள்ளே விட்ட மெயில்

ஸ்டெல்லா அக்கா இறந்துவிட்டார். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றபோதே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதியவர் அவர். மெஷின் பழுது என்று ஒரு மெயில் அனுப்பினால், அது அந்த சாஃப்ட்வேருக்குள் புகாராக விழும். மேனேஜரின் திரையில் சிவப்பாக நிற்கும். சரிசெய்யாமல் மூட முடியாது.

ஆனால் முதலில் கம்பெனி மெயில் ஐடி இருந்தால்தான் உள்ளே எடுக்கும். ஏசி ரூமில் இருப்பவருக்கு ஐடி உண்டு. தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் கை விடுகிற எங்களுக்கு ஏது?

யார் அனுப்பினாலும் உள்ளே வரும்படி மாற்றியது அக்காதான். மேனேஜர் குதித்தார்.

"கண்ட குப்பையும் வரும்மா!"

"வரட்டும் சார். பெருக்க நான் கீறேன்ல?"

சொன்னபடியே செய்தார். தினமும் வந்ததும் லோன், லாட்டரி என்று குவிந்து கிடப்பதை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் அழிப்பார்.

என் மெயிலும் அந்தக் குப்பையில்தான் கிடந்தது.

வேகமாக ஓட்டவேண்டும் என்று பிரஸ்ஸின் பாதுகாப்புக் கதவைக் கழற்றி வைத்திருந்தார்கள். அதே மெஷினில் ஏற்கெனவே ஒரு ஒடிசாக்காரருக்கு விரல் போயிருந்தது. "கவனக்குறைவு" என்று சொல்லி அவரை ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்கள்.

நான் போட்டோ எடுத்து அனுப்பினேன். வாட்ஸப் பழக்கம்... தலைப்பு இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. சாஃப்ட்வேர் அதைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டது.

அக்கா போட்டோவைத் திறந்து பார்த்துவிட்டு நேராக மெஷினுக்கே வந்தார்.

"யார்ரா இத்த அனுப்பனது?"

"நான்தாங்க்கா."

"இன்னாடா, பொண்ணு பாக்கற மாதிரி வெறும் போட்டோ அனுப்பிக்கினு கீற? மொதல்ல மெஷினை ஆஃப் பண்ணு."

"சூப்பர்வைசர் கத்துவாருக்கா..."

"உன் கை போனா அவரு ஒட்டித் தருவாரா?"

பக்கத்தில் நின்று, தலைப்பு போட்டு இரண்டு வரி எழுதி மறுபடி அனுப்ப வைத்தார். கதவை மாட்டும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சூப்பர்வைசர் முறைத்தார். அக்கா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்று கம்பெனி குரூப்பில் கும்பிடும் கை எமோஜி மட்டும் வரிசையாக விழுகிறது. ஷிஃப்ட் வழக்கம்போல ஓடுகிறது. வேறென்ன செய்வார்கள்...

நாளை பொன்னேரி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

என் இரண்டு கையும் முழுசாக இருக்கிறது அக்கா. உங்கள் பெட்டியைத் தூக்க வருகிறேன்.