ஜீப்ரா கோட்டில் மரியாதை

என் வீட்டுக்காரருக்கு மரியாதை ஒரு வியாதி. கோவையில் எங்கள் வீட்டுக்கு எதிரே, மெயின் ரோட்டைத் தாண்டினால் ஒரு பேக்கரி. அவரோடு மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மூன்று பேர் தினமும் காலையில் அங்கே டீ குடிப்பார்கள். அந்த டீயும் பேச்சும்தான் அவருக்கு உயிர்.

முன்பு அங்கே சிக்னல் இருந்தது. வண்டிகள் நிற்காமல் போகட்டும் என்று அதைப் பிடுங்கிவிட்டு, தூரத்தில் யூ டர்ன் வைத்தார்கள். நடப்பவனுக்கு யூ டர்ன் எதற்கு? பாதி அழிந்த வெள்ளைக் கோடுகள்தான் எங்களுக்கு மிச்சம்.

ஒரு நாள் காலையில் அதிசயமாக ஒரு கார் அந்தக் கோட்டில் நின்றது. நான் கேட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பேசாமல் நடந்திருக்க வேண்டியதுதானே? கையை நீட்டி, "நீங்க போங்க" என்றார். கார்க்காரரும் நம்ம ஊர்க்காரர் போல. கண்ணாடியை இறக்கி, "இல்லீங்க, நீங்க போங்க" என்றார். இந்த உபசாரம் இரண்டு தடவை நடந்தது. அதற்குள் பின்னால் வந்த பைக் பொறுமையிழந்து காரைச் சுற்றிக்கொண்டு பாய்ந்தது. இவர் காலெடுத்து வைக்கவும் அது வந்து இடிக்கவும் சரியாக இருந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கீழே கிடந்தபடியே பைக் ஓட்டி வந்தவனிடம், "உங்களுக்கு அடி கிடி படலீங்களே?" என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் அறைந்திருப்பேன்.

சிக்னல் கேட்டு மனுவோடு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். அதிகாரி உட்காரவைத்து, காபி வரவழைத்து, "சிக்னல் போட்டா டிராபிக் நின்னு போயிருமுங்க அம்மணி" என்றார். நிற்கத்தானே கேட்கிறேன்! காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

சில மாதங்களில் வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். ஆனால் ரோட்டைப் பார்த்தாலே, "வேண்டாம் கண்ணு, ஊட்டுலயே டீ குடிச்சுக்கறேன்" என்பார். எதிரே அந்த மூன்று பேரும் கையசைப்பார்கள். இவர் கேட்டைத் தாண்டமாட்டார்.

போன வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போய், நடுரோட்டில் இரண்டு கைகளையும் விரித்து நின்றேன். வண்டிகள் நின்றன. ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. இவரோ வாக்கரிலிருந்து ஒரு கையை எடுத்து, ஒவ்வொரு வண்டிக்கும் கும்பிடு போட ஆரம்பித்தார்.

"ஏனுங்க, கையைக் கீழ போடுங்க! ரோட்டுல நடக்கறதுக்கு எதுக்குங்க மன்னிப்பு?" என்று கத்தினேன்.

கையை இறக்கினார். அடிமேல் அடி வைத்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குக் கொடுக்கத்தான் இந்த ஊருக்கு மனசில்லை.