சுக்காவ் கூவிய பக்கம்

தென் சிலியில் எங்கள் ஏரிக்கரையின் மாபுச்சே பழங்குடியினரில் எர்சிரா வெனூலின் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. முரட்டு எருதைக்கூட ஒரு அதட்டலில் நிறுத்திவிடுவாள். அவளையே நிறுத்தியது ஒரு கைப்பிடிப் பறவை.

அந்த மழைக்காலத்தில் அவள் கணவர் ஃபெர்மினுக்கு வயிற்றுவலி கண்டது. கஷாயம் எதுவும் உள்ளே தங்கவில்லை. வயிறு பலகை போல இறுகிவிட்டது. ஆஸ்பத்திரி ஏரிக்கு அக்கரையில். மதியப் படகை விட்டால் அன்றைக்கு வேறு கிடையாது. அவரை மாட்டுவண்டியில் ஏற்றினோம். எதிர்மழை முகத்தில் அறையாமலிருக்க, முன்பலகையில் முதுகைச் சாய்த்து, வீட்டைப் பார்த்தபடி உட்கார வைத்தாள். அவள் மாடுகளுக்கு முன்னால் நடந்தாள். அடுத்த வீட்டில் குடியேறியிருந்த நான் பக்கத்தில் நடந்து அவர் தலைக்கு மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் பிடித்துக்கொண்டேன்.

மூங்கில் புதர் இறக்கத்தில் சுக்காவ் குருவி கூவியது. வலப்பக்கம் கூவினால் போகலாம். இடப்பக்கம் கூவினால், தலைபோகிற காரியமானாலும் திரும்பிவிட வேண்டும். இங்கே அதைக் கேட்காததுபோல் யாரும் நடக்கமாட்டார்கள்.

எர்சிரா நின்றாள்.

"வண்டியத் திருப்பணும்."

"எதுக்கு? வலப்பக்கம்தானே கத்துச்சு?" என்றார் ஃபெர்மின்.

"காதுக்குள்ள மழைத்தண்ணி போயிருச்சா? இந்தா, இந்தக் கைப்பக்கம்."

"எனக்கு இந்தக் கைப்பக்கம்." வலது கையைக் கஷ்டப்பட்டுத் தூக்கிக் காட்டினார்.

எதிரெதிர்ப் பக்கம் பார்த்திருந்ததால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

"வண்டி போற திசைதான் கணக்கு, கிழவா."

"நோவு யாருக்கு? எனக்கு. அப்ப சேதியும் எனக்குத்தான்."

"சாகப் போற நேரத்துலயும் எதிர்ப்பேச்சு!"

"உன்கூடக் குப்பை கொட்டினவன் வேற எப்படிப் பேசுவான்?" சிரிக்கப்போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு தம்பி."

தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் பல்லி கத்துவதற்குத் திசை உண்டு. அதற்குமேல் எனக்கு என்ன தெரியும்? புதர்ப் பக்கம் காதைக் கொடுத்தேன். அவளும் எருதின் கொம்பில் கைவைத்தபடி, இன்னொரு தரம் கூவாதா என்று காத்திருந்தாள். கூவவில்லை. கீழே படகின் சங்கொலி கேட்டது. எருதைத் தட்டினாள்.

படகில் நோயாளிக்கு மட்டும்தான் இடம் என்றார்கள். கரையை விட்டு விலகும்போது ஃபெர்மின் வலது கையைத் தூக்கி ஆட்டினார். ஜெயித்துவிட்டாராம்.

இக்கரைக்கான சேதிகளை ஊர் ரேடியோவில் காலையில் வாசிப்பார்கள். மறுநாள் அதில் அவள் பெயர் வந்தது: கணவர் காலமானார், மதியப் படகில் பெட்டி வருகிறது, வண்டியோடு வரவும்.

படகுத்துறையில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "திரும்பியிருந்தா வீட்லயே செத்திருப்பான். என் மடியில. அதைத்தான் சொல்லுச்சோ? இல்ல, திரும்பியிருந்தா பொழச்சிருப்பானோ?"

"தெரியலையே" என்றேன். பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

பெட்டியின் தலைமாடு எந்தப் பக்கம் என்று படகுக்காரர்கள் கேட்டார்கள்.

"கால் முன்னால இருக்கட்டும். வீட்டைப் பார்த்து. இந்தத் தடவை ரெண்டு பேருக்கும் ஒரே பக்கம்."

மூங்கில் புதர் வந்ததும் வண்டியை நிறுத்தினாள். மழை விட்டிருந்தது. இலைகளிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலமும் இல்லை, இடமும் இல்லை. மாடுகள் கால் மாற்றி நின்றன. 

"இப்பச் சொல்லேன்" என்றாள், புதரைப் பார்த்து.