குற்றத்தை ஒத்துக்கொண்ட ஒன்பது பேர்

கனடாவில் நான் சோபாவுக்குத் தோல் வெட்டும் தொழிற்சாலையில், காலை டீ நேரத்துக்கு யாராவது கேக் கொண்டுவந்தால் அன்று அவருக்குப் பிறந்தநாள். போன மாதம் பக்கத்து மேசை கேரி கொண்டுவந்தார், ஆனால் பிறந்தநாளுக்கு இல்லை. இளவயதில் அடிதடி ஒன்றில் தண்டனை வாங்கியவராம். மனுப் போட்டு, அந்தக் குற்றப்பதிவை இனி விசாரணையில் வராதபடி ஒதுக்கிவிட்டார்களாம். இனிமேல் பேத்தியின் பள்ளிச் சுற்றுலாவுக்குத் துணைக்குப் போகலாம் என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னார். நான் பதறி எழுந்து கதவைச் சாத்தினேன். மனுஷனின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நினைப்பு. கேரியோ, குளிருகிறதா என்று கேட்டார்.

ஆம்பூரிலும் ஒரு முறை இப்படிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். என் அக்கா ரோஸ்மேரி அங்கே ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்தாள். கம்பெனி வேன் கவிழ்ந்து கூட வேலை பார்த்தவளுக்குக் கால் போனது. வைத்தியத்துக்கு வழி கேட்டு ஒன்பது பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். மறியல் வழக்கு வந்தது. வாய்தா, வாய்தா என்று வருஷக்கணக்கில் அலைச்சல். குற்றத்தை ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் அன்றோடு முடியும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற காரியம். அதுவும் தண்டனைதான் என்று யாருக்குத் தெரியும்? அக்கா தயங்கினாள். கனடா டிக்கெட் கையிலிருந்த அவசரத்தில் நான்தான் அவளை அதட்டினேன். அவள் ஒத்துக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு அக்கா அரசு மாணவியர் விடுதியில் சமையல் வேலைக்குத் தேர்வானாள். போலீஸ் விசாரணையில் பழைய தண்டனை வெளிவந்து வேலை கைநழுவியது. அப்போது நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். தெருக்குழாயடியில் நின்று எல்லோரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"இன்னாத்துக்குடா சாத்துற? ரோட்ல குந்துனேன். திருடல."

அந்தக் கதவை அவளே திறந்துகொண்டு போனாள். சென்னை ஐகோர்ட் வக்கீல் ஒருவர், தண்டனையை ரத்து செய்யச் சொல்லி உனக்கு மட்டும் மனுப் போடலாம், சீக்கிரம் முடியும் என்றாராம். என்னைப் பார்த்துத்தானே அவர்களும் ஒத்துக்கொண்டார்கள், என் பெயரை மட்டும் எப்படி எடுப்பேன் என்று அக்கா மறுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பஸ் ஏறுவாள். ஒடுகத்தூரில் ஒருத்தி, மேல்விஷாரத்தில் ஒருத்தி என்று எட்டுப் பேரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கினாள். அம்மாடி, என்ன பிடிவாதம்! என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்கு அதுதான் பெரிய வெட்கம்.

போன வாரம் ஒன்பது பேரின் தண்டனையும் ரத்தானது. அந்த விடுதி வேலையில் வேறு ஆள் சேர்ந்தாயிற்று. பரவாயில்லை, அடுத்த விண்ணப்பத்தில் தண்டனை உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதுவேன் என்கிறாள்.

மறுநாள் நானும் கேக் வாங்கிப்போனேன். டீ நேரத்தில் அவளை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். அதே குழாயடியில் எல்லோருக்கும் இனிப்பு, ஆற்காட்டு மக்கன் பேடா, கொடுத்துக்கொண்டிருந்தாள். கேரி தன் காபியை அவளுக்கு உயர்த்திக் காட்டினார். தமிழ் தெரியாத அத்தனை பேர் நடுவில், இத்தனை வருஷம் சொல்லாததைச் சொன்னேன்.

"நான்தான்க்கா ஒன்ன ஒத்துக்கச் சொன்னேன்."

"தெரியுண்டா. ஒனக்கு ரெண்டு பேடா எடுத்து வெச்சிருக்கேன். வந்து துன்னு."

யாரோ கதவைச் சாத்தப் போனார். வேண்டாம் என்றேன், தமிழிலேயே. பேடா ஆம்பூரில் டப்பாவில் இருக்கிறது. அவள் பெயர் எழுதிய கேக் துண்டை நான் இங்கே ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.