கப்பல் கட்டச் சொன்ன கதை

எனக்குக் கப்பலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தெரியாததைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருக்கவும் எனக்குத் தெரியாது. வெள்ளவத்தையில், கடல் தெரிகிற ஃபிளாட்டில் இருபது வருடமாக இருக்கிறேன். தூரத்தில் போகும் கப்பல்களைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிப்பேனே தவிர, அவற்றை யார் செய்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தங்கச்சியின் புருஷன்தான் அந்தக் கேள்வியை என் தலைக்குள் போட்டார்.

அவர் துறைமுகத்தில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர், வீடு கொட்டாஞ்சேனையில். பட்டறைக்குப் புதுக் கப்பல் ஓடர் வராமல் மாதக்கணக்காகியிருந்தது. வளைகுடாவில் ஒரு பட்டறை அவரைக் கூப்பிட்டிருந்தது. தங்கச்சிக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது டிவிக்கு மேலே அவருடைய பாஸ்போர்ட் கிடந்தது. தங்கச்சி அதைக் காணாத மாதிரி நடமாடினாள்.

"ஏன், எங்கட நேவிக்குக் கப்பல் வேண்டாமாமோ?" என்று கேட்டேன்.

"வெளிநாட்டுக்காரர் தாங்கள் பாவிச்ச கப்பலைச் சும்மா தருவினம், மச்சாள். பிறகு என்னத்துக்கு எங்களிட்டச் செய்விக்கினம்?"

"சும்மா தந்ததில ஒரு ஆணி கழண்டால்?"

"அதுக்கும் அவையளிட்டத்தான் கேக்கவேணும். ஆணி வருமட்டும் கப்பல் கரையில."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிவரக் கடல், கப்பலுக்கு மட்டும் கையேந்துகிறோம்! அன்று பின்னேரம் முழுக்க அவரைக் குடைந்தேன். கப்பலின் முதல் தகட்டை வைக்கும்போது அடியில் ராசிக்கு ஒரு நாணயம் வைப்பார்களாம்.

"எந்த நாட்டுச் சல்லி?"

"ஓடர் தந்த நாட்டுச் சல்லி. எங்கட சல்லியை வைச்சு நான் இன்னும் காணேல்லை."

அந்த நேரம் பார்த்துப் பேப்பரில் ஓர் அறிவித்தல். கடல் பற்றிய தேசியக் கொள்கை எழுதுகிறார்களாம். பொதுமக்கள் கொள்ளுப்பிட்டியில் ஒரு மண்டபத்துக்கு வந்து கருத்துச் சொல்லலாமாம். நான் போகிறேன் என்றதும் எதிர் ஃபிளாட் அக்கா வாயைப் பிளந்தார்.

"உமக்கென்ன விசரே? நேவியைப் பெலப்படுத்தச் சொல்லித் தமிழர் நாங்களே போய்க் கேக்கிறதோ?"

அவர் கேட்டதில் பிழையில்லை. யுத்த காலத்தில் அந்தச் சீருடையைக் கண்டால் நானும் தெருவின் மற்றப் பக்கம் மாறிப் போயிருக்கிறேன். அதனால்தான் போக நினைத்தேன். கடற்படை எதற்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று எழுத்தில் போடட்டும். புயலில் அகப்பட்ட மீன்பிடி வள்ளத்தைத் தேடிப்போகிற கப்பலை எங்கள் வெல்டர்கள் செய்யட்டும். இதைக் கேட்க எனக்கென்ன பயம்?

மண்டபத்தில் தமிழை மொழிபெயர்க்க ஆள் வரவில்லை. மார்க்கெட்டிலும் பஸ்ஸிலும் கதைக்கிற சிங்களம் இருக்கிறதே என்று எழுந்தேன். "ஆண்டுவ நெவ் பந்தின்ன ஓனே!" என்று ஒரே போடாகப் போட்டேன். மண்டபமே சிரித்தது.

தமிழில் கப்பலைக் கட்டுவதும் மாட்டைக் கட்டுவதும் ஒரே கட்டுத்தான். சிங்களத்தில் அப்படியில்லை. கப்பல் செய்ய 'ஹதன்ன' என்று சொல்லவேண்டும். 'பந்தின்ன' என்றால் கயிற்றால் கட்டுவது. அரசாங்கம் கப்பல்களைக் கட்டிப்போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன்! ஐயோ, எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

முன்வரிசையில் வெள்ளைச் சீருடையோடு இருந்த அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. "நோனா, நெவ் பெந்தலா தமய் தியென்னே," என்றார். கப்பல்கள் கட்டித்தான் கிடக்கின்றனவாம், வெளியிலிருந்து உதிரிப்பாகம் வருமட்டும்.

"அதைத்தானே நானும் சொல்ல வந்தனான்!" என்று என் வாயில் தமிழ் வந்துவிட்டது. பிறகு சொல்லைத் திருத்தி, ஆணி, நாணயம், டிவிக்கு மேலே கிடந்த பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்பெடுப்பவர் எழுதிக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோஷம்.

கொள்கை மெல்லத்தான் வரும், பிளேன் நிற்காது. அடுத்த மாதமே தங்கச்சியின் புருஷன் வளைகுடாவுக்குப் போய்விட்டார். மகள் பிறந்ததை ஃபோனில்தான் பார்த்தார்.

அவள் தவழத் தொடங்கிய பிறகு அந்தக் கூட்டத்தின் அறிக்கை வந்தது. கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து வீடியோவில் அவருக்குத் தமிழ்ப் பிரதியைப் படித்துக் காட்டினேன். நான் சொன்னதெல்லாம் ஒரு வரியாகக் கிடந்தது: 'கப்பல்களைக் கட்டிவைக்க வேண்டுமென ஒரு பெண்மணி கோரினார்.'

அவர் கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். "நீங்கள் கேட்டபடிதானே மச்சாள் கட்டி வைச்சிருக்கினம்!" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

தங்கச்சி பிள்ளையைத் தூக்கி ஃபோனுக்கு முன்னால் பிடித்தாள். பிள்ளை அவரைப் பார்த்தது. யாரோ அந்நிய ஆள் என்று வீரிட்டு அழுதுகொண்டு தாயின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தது.

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அந்தச் சொல்லைத் திருத்தி அவையளுக்கு எழுதிப் போடுங்கோ, மச்சாள்," என்றார். "இவள் நடக்கத் தொடங்க முந்தி நான் வரவேணும்."