கையில் தராத மீன்

எங்கள் கரையில் கரைவலை இழுக்க இரண்டு கயிறு. வலது கயிற்றில் பெரிய ஊர் ஆட்கள். இடது கயிற்றில் நாங்கள், வேடக் குடியிருப்புச் சனம். கொட்டியாரக் குடாவுக்கு இந்தப் பக்கம் பிறந்து, அவர்கள் பேசும் அதே தமிழைப் பேசி, அதே கோயிலுக்கு நேர்த்தி வைத்தும், வேறு இனமாம் நாங்கள். வலை கரையேறியதும் கயிறு பிடித்த எல்லோருக்கும் கறிக்கு மீன் கொடுப்பது வழக்கம். அவர்களுக்குக் கையில் கொடுப்பார்கள். எங்களுக்கு மணலில் எறிவார்கள். எங்கள் கை பட்டால் தீட்டாம். நாங்கள் இழுத்துக் கொடுத்த மீனில் மட்டும் தீட்டு ஒட்டாது, பாருங்கள்!

இதற்கு எதிராக எழும்பி நின்றவர் என் அண்ணன். பெரிய படிப்பு இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் சனம் கேட்கும். முறையிட அரசாங்கக் கச்சேரிக்கு ஏறி இறங்கி அலுத்துப்போனார். அங்கே இருந்த ஐயா, "அது வலைக்காரற்றை வழக்கம், நாங்கள் தலையிட ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனை நோண்டத் தொடங்கினாராம். அண்ணன் திரும்பி வந்து குடியிருப்பைக் கூட்டினார். "கையிலை தரும்வரைக்கும் கயிறு தொடமாட்டம்" என்றார். எல்லோரும் ஓம் என்றார்கள். சந்தோசத்தில் நான் அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "வலை பாதி வரேக்கை விடுங்கோ அண்ணன். அப்பதான் முதலாளிக்குச் சுடும்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறாய்? வலை தண்ணிக்கை கிடக்கக் கயிற்றை விடுறதோ? எங்கடை ஆக்கள் செய்யிற வேலையோ அது?"

பிடித்த கயிற்றை, மீன் கிடக்கும் மடி கரையேறும்வரை விடுவதில்லை என்பது எங்கள் சனத்துக்குச் சத்தியம் மாதிரி. பெற்ற தாய் செத்த செய்தி வந்தாலும் இழுத்து முடித்துவிட்டுத்தான் போவோம். அதனால் அண்ணன் முதல் நாளே வலைக்கார முதலாளியிடம் மரியாதையாகப் போய், "நாளைக்கு நாங்கள் வரமாட்டம்" என்று சொல்லிவிட்டு வந்தார். விசர் மனுசன்! சண்டைக்குப் போகிறவன் எதிராளிக்குச் சொல்லிவிட்டா போவான்?

விடிய நாங்கள் கரையில் ஒதுங்கி நின்று பார்த்தோம். எங்கள் இடத்தில் தம்பலகாமத்திலிருந்து வந்த உழவு இயந்திரம் நின்றது. அதன் பின்னால் பூட்டிய உருளையில் கயிற்றைச் சுற்றி இழுத்தார்கள். மீன் வந்தது, அதுவும் அள்ள அள்ள வந்தது. முதலாளி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு குடியிருப்பில் அடுப்பு எரியவில்லை. வேறு கரைகளிலும் எங்களை எடுக்கவில்லை. அன்று ஓம் சொன்ன வாய்கள் எல்லாம் எங்கள் வாசல் படலையில் வந்து நின்று ஏசின. "நீங்கள்தானே கெடுத்தனீங்கள், நீங்களே போய்க் கேளுங்கோ." அண்ணன் முதலாளியிடம் போய்க் கேட்டார்.

முதலாளி இரக்கப்பட்டார். இயந்திரத்துக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை, அதுதான் அந்த இரக்கம்.

"வாங்கோ. ஆனால் மீன் பழையபடி மணலிலைதான். முதல் மீனை நீ பொறுக்கவேணும், எல்லாரும் பாக்க."

அன்று மடி கரையேறியதும் ஒரு பாரைக்குட்டியை அண்ணனின் காலடியில் எறிந்தார்கள். வலது கயிற்றுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணன் குனிந்து எடுத்தார். தன் பையில் போடவில்லை. பக்கத்தில் நின்ற கிழவியிடம் இரண்டு கையாலும் நீட்டினார். "இந்தாங்கோ ஆச்சி." அடுத்த மீன் விழுந்தது. அதையும் எடுத்து அடுத்தவரின் கையில் வைத்தார். எங்கள் சனத்தில் ஒருவரையும் அவர் குனிய விடவில்லை. சிரிப்பு அடங்கிப்போனது. எனக்குப் பெருமையா துக்கமா என்று தெரியவில்லை.

வருசங்கள் போய்விட்டன. இன்றும் அவர்கள் எறிகிறார்கள், இவர்தான் பொறுக்குகிறார். முதுகு கூனிவிட்டது. எங்கள் ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், கொஞ்சம் சுணங்கினால் ஏச்சு வேறு. நேற்று எங்கள் குடியிருப்புப் பெட்டை ஒருத்தி, அவர் கொடுத்த மீனை வாங்காமல் முகத்தைச் சுளித்தாள்.

"ஒரே மண்ணாய்க் கிடக்கு. கழுவிப்போட்டுத் தாங்கோ."

அண்ணன் அலைக்குள் இறங்கி, கழுவிக்கொண்டு வந்து கொடுத்தார்.