ஃபோர் சம் ரீசன் இறுகிய சட்டைகள்

சாறிச் சட்டை தைக்கிற தொழிலுக்கு இரண்டு விஷயம் முக்கியம்: கை நடுங்கக்கூடாது, வாய் கேள்வி கேட்கக்கூடாது. முதலாவதை மெஷினே பழக்கிவிடும். இரண்டாவதைப் பழக எனக்குப் பதினெட்டு வருஷமும் ஓர் இங்கிலிஷ் வசனமும் தேவைப்பட்டன. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் என் கடை. நான், ரிஸ்னா, இரண்டு மெஷின், அவ்வளவுதான். நீங்களும் கழுத்தில் அளவுநாடா போட்ட ஆளென்றால் இதைப் படித்துச் சிரிக்கமாட்டீர்கள், தலையில் கை வைப்பீர்கள்.

துணி சுருங்கின கதை

சுகந்தி அக்கா பாங்கில் பெரிய வேலை பார்த்துப் பென்ஷன் எடுத்தவர். மூத்த மகளின் பிள்ளைப்பேறு பார்க்க மெல்பனுக்குப் போய் ஆறு மாதம் நின்றுவிட்டு வந்தார். வந்த கையோடு, போக முன்னர் நான் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையை மேசையில் போட்டார். "வாணி, ஃபோர் சம் ரீசன் இது இறுகுது" என்றார்.

காரணம் அவருடைய இரண்டு புயத்திலும் நன்றாகவே தெரிந்தது. ஆனால் எங்கள் தொழிலில் உடம்பு பெருப்பதில்லை, துணிதான் சுருங்கும். "துணி சுருங்கியிருக்கும் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தையலைப் பிரித்தேன். நான் தைக்கிற எந்தச் சட்டைக்குள்ளும் ஒன்றரை இஞ்ச் துணி மடிந்து ஒளிந்திருக்கும். அதில் ஓர் இஞ்சை வெளியே விட்டேன். அக்கா போட்டுப் பார்த்துக் குளிர்ந்துபோனார்.

அவர் போனதும் அந்த வசனத்தின் அர்த்தத்தை ரிஸ்னாவிடம் கேட்டேன். ரிஸ்னா மாளிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், "இருக்கு" அவள் வாயில் "ஈக்கி" ஆகும், இங்கிலிஷில் என்னைவிடக் கெட்டிக்காரி. பொத்தானைத் தைத்தபடியே சொன்னாள்: "காரணம் ஈக்கி, ஆனா செல்ல மாட்டேன். அதுதான் அக்கா அர்த்தம்."

மூக்குள்ள காரணம்

ஒரு நாள் கடை திறக்கும்போதே ஓர் ஐயா வாசலில் நின்றார். பேப்பரில் சுற்றிய ரோஸ் நிறப் பட்டுச் சட்டையை இரண்டு கையாலும் நீட்டினார். "வைஃப் யாழ்ப்பாணம் போனவ, பின்னேரக் கோச்சியில வாறா. ஃபோர் சம் ரீசன் இதில ஒரு மார்க்" என்றார். விரித்துப் பார்த்தால், முதுகின் நட்டநடுவில் அயன் பெட்டி கூர்மூக்கோடு அப்படியே படுத்து எழும்பியிருக்கிறது. ஐயா மேலே சுழலுகிற ஃபானையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தக் காரணத்துக்கு மூக்கும் ஈக்கி" என்று ரிஸ்னா என் காதுக்குள் சொன்னாள். நான் அளவுநாடாவைக் கடித்துக்கொண்டேன். சிரித்தால் பாவம், மனிதர் அழுதுவிடுவார்.

கருகின இடத்தை வெட்டியெறிந்து, பின்கழுத்தைக் குடம் மாதிரி இறக்கி, குஞ்சம் ஒன்றும் தொங்கவிட்டுக் கொடுத்தேன். அடுத்த கிழமை அந்த வைஃப் ஏழு சட்டையோடு வந்து இறங்கினார். முகமெல்லாம் வெட்கம். "எல்லாத்தையும் இதே மாதிரி இறக்குங்கோ. இருபத்தாறு வருஷத்துக்குப் பிறகு, ஃபோர் சம் ரீசன், என்ர மனிசனுக்கு என்னில ஆசை வந்திருக்கு!"

மூன்று மொழிக்கும் ஒரு மருந்து

பிறகு எங்களுக்கும் தொற்றிவிட்டது. ரிஸ்னா பிந்தி வந்தால் ஃபோர் சம் ரீசன் பஸ் இல்லை. வெள்ளிக்கிழமைச் சட்டை செவ்வாய்க்கிழமை முடிந்தால் ஃபோர் சம் ரீசன் கரண்ட் இல்லை. தெமட்டகொடையிலிருந்து வருகிற சிங்கள நோனா ஒருவரிடம் என் உடைந்த சிங்களத்தில் அரை மணித்தியாலம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். அன்றைக்கு இந்த ஒரு வசனத்தை மட்டும் சொன்னேன். தனக்கும் அப்படித்தான் என்று தலையை ஆட்டினார்: "ஹரி ஹரி, மடத் எஹெமய்!"

இரண்டு இடக்கை

சுகந்தி அக்காவின் இரண்டாவது மகள் மதுவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். எங்கள் வழக்கப்படி கூறை எடுத்தது மாப்பிள்ளை வீடு. சேலை கொட்டாஞ்சேனையில் அவர்களிடம் இருந்தது, சட்டைத்துண்டை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பியிருந்தார்கள். புதன்கிழமை அதை வெட்டினேன். வெட்டுகிற நேரத்தில், ஐயா ஃபானைப் பார்த்த விதத்தை ரிஸ்னாவுக்கு நடித்துக் காட்டினேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நிமிர்ந்து பார்த்தால் மேசையில் இரண்டு சட்டைக்கை, இரண்டும் இடக்கை.

ஐயோ! பட்டைத் திருப்பிப் போடவும் முடியாது, மிச்சத் துணி விரலளவும் இல்லை. நாலு கடை ஏறி இறங்கினேன், அந்த அரக்கு நிறம் எங்கேயும் இல்லை. ஒரே வழி, கூறையின் உள்தலைப்பில் ஒரு சாண் வெட்டுவது. தாலி ஏற முன்னர் கூறையில் கத்தரி வைக்க மாப்பிள்ளையின் தாயிடம் யார் கேட்பது? கல்யாணப் பேச்சுக்கால் நேரமே நாற்பது கேள்வி கேட்ட மனிசி அவர் என்று சுகந்தி அக்கா சொல்லியிருக்கிறார். இது வெளியே வந்தால் பதினெட்டு வருஷப் பெயர் ஒரே பின்னேரத்தில் போய்விடும். அதைவிட, அந்தப் பிள்ளை மணவறைக்கு எதைப் போட்டுக்கொண்டு போகும்?

சுகந்தி அக்காவுக்குப் போன் எடுத்தேன். "அக்கா, கூறையில ஒரு சாண் வேணும். ஃபோர் சம் ரீசன்..." கடற்கரைத் தண்டவாளத்தில் ஒரு கோச்சி போய் முடிந்தது. அக்கா சொன்னார்: "துணி சுருங்கியிருக்கும், பிள்ளை. நான் சம்பந்தியம்மாவோட கதைக்கிறன்." நான் போனை வைத்துவிட்டு விம்மி விம்மி அழுதேன்.

அடுத்த நாள் காலை சம்பந்தியம்மாவே திரீவீலரில் வந்து இறங்கினார். ரிஸ்னா திரைக்குப் பின்னால் ஓடிவிட்டாள். அம்மா கூறையை மேசையில் வைத்தார். அங்கேயே கிடந்த இரண்டு கையையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐம்பது வருஷம் சட்டை போட்ட மனிசிக்கு விளங்காமல் இருக்குமா? நான் மேலே ஃபானைப் பார்த்தேன். சுழன்றுகொண்டே இருந்தது.

அவர் கைப்பைக்குள்ளிருந்து பச்சைச் சட்டையொன்றை மெதுவாக எடுத்துக் கூறைக்குப் பக்கத்தில் வைத்தார். "நான் ஒண்டும் கேக்கேல்லை, தங்கச்சி. ஃபோர் சம் ரீசன் என்ர சட்டையும் இறுகுது. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல், நீங்களும் ஒண்டும் கேக்காமல் ஓர் இஞ்ச் விட்டுத் தாங்கோ."

ஞாயிற்றுக்கிழமை மணவறையடியில் பொம்பிளை மதுவின் சட்டையும் இரண்டு சம்பந்தியம்மாக்களின் சட்டைகளும் அச்சொட்டாக இருந்தன, மூன்றுக்கும் காரணம் இருந்தது, கேட்கத்தான் ஒருவரும் இல்லை.